பதினோரு நாள் குறைவாம்

என் பெயர் தோலகேலே மபாசோ. வயது நாற்பத்தொன்று. கணவர் இறந்துவிட்டார். லேடிஸ்மித்துக்கு வெளியே குவாந்துலி குடியிருப்பில் 2217-ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை. இன்று, ஏப்ரல் 11, திங்கட்கிழமை காலை, காவல் நிலையத்தில் அதிகாரி க்வாலா கேட்க நான் சொல்ல, அவர் எழுதிக்கொள்கிறார்.

சீனாய் ஊற்று சீயோன் சபையின் பெண்கள் சங்கத் தலைவி மாசிபிசி என் மீது கொடுத்த புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கடந்த வெள்ளிக்கிழமை மாலை சபைக் கட்டடத்து அலமாரியின் பூட்டை உடைத்து, பச்சைத் தோள்துண்டு வைத்த வெள்ளை அங்கி ஒன்றை நான் எடுத்துச் சென்றதாக அதில் இருக்கிறது. எடுத்தேன். அதில் எனக்கு மறுப்பு இல்லை. வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லும்படி அதிகாரி சொன்னார். போன ஈஸ்டரிலிருந்து எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் பூட்டி வையுங்கள் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் புதுத் தாள் எடுத்தார்.

அந்தச் சபைக்கு நானும் என் தங்கை போங்கெகிலேயும் ஒன்பது வருடமாகப் போகிறோம். எந்தப் பெரிய திருச்சபையையும் சேராத, தன்னிச்சையாக நடக்கும் சபை அது. பிஷப் ஸ்வானே தன் கையாலேயே தகரக் கூரை போட்டு ஆரம்பித்தது. என் கணவர் இறந்தபோது குழி வெட்டியவர்கள் சபை ஆண்கள். ஒரு வாரம் என் வீட்டு அடுப்பில் களி கிண்டியவள் இதே மாசிபிசி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மோசமானவர்கள் என்று தெரிந்துகொண்டு நாங்கள் அங்கே போகவில்லை.

என் தங்கை தையல்காரி. சபையில் அறுபது பேருக்கு மேல் இருக்கிறோம், பிஷப் உட்பட எல்லார் அங்கியும் அவள் மெஷினில் தைத்ததுதான்.

சென்ற ஆண்டு ஜனவரியில் அவளுக்கு இருமல் வந்து, சளியில் ரத்தம் வந்தது. முதலில் சபை வழக்கப்படி ஜெபித்த தண்ணீர் குடித்தாள், பச்சை நூல் கயிறு இடுப்பில் கட்டினார்கள். நிற்கவில்லை. அதன் பிறகு நானே அவளை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். காசநோய் என்று சொல்லி ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார்கள். இரண்டு மாதத்தில் இருமல் குறைந்தது, கன்னத்தில் சதை வந்தது. எங்கள் சபையில் மாத்திரை கூடாது என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், வெளியில் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் 4, ஈஸ்டர் ஞாயிறு. எல்லாரும் எழுந்து சாட்சி சொன்னார்கள். மேளம் அடிக்கிறது, எல்லாரும் வட்டமாகச் சுற்றி ஆடுகிறார்கள், என் தங்கை என் முன்னால் மூச்சிரைக்காமல் ஆடுகிறாள். எனக்கு மனம் நிறைந்துபோய் நானும் எழுந்து, தங்கைக்குச் சுகம் கிடைத்ததற்காக ஆண்டவருக்கும், மருத்துவமனை நர்ஸம்மாவுக்கும், மாத்திரைக்கும் நன்றி என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் மேளம் நின்றது தெரிந்தது. பிஷப் கேட்டார்: "எந்த மாத்திரைம்மா?"

அன்று மாலையே மூப்பர்கள் கூடினார்கள். பிஷப் அவளிடம், "ஒரு கையில அங்கி, ஒரு கையில மாத்திரைன்னு ரெண்டையும் புடிச்சிக்கிட்டு நிக்க முடியாது மகளே, எதாவது ஒண்ணைக் கீழ வை" என்றார். அந்த ஈஸ்டரிலிருந்து அடுத்த ஈஸ்டர் வரை கடைசி பெஞ்சு என்று தீர்ப்பானது. தண்டனையில் இருப்பவர் அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கதவோரப் பெஞ்சில் சாதாரண உடுப்பில் உட்கார வேண்டும். ஆட்டத்தில் சேரக் கூடாது, வாய் திறந்து பாடக் கூடாது. நடுவில் மாத்திரை தொட்டால் வருடம் முதலிலிருந்து தொடங்கும். அவள் அங்கேயே தோள்துண்டைக் கழற்றி, அங்கியைக் கழற்றி, மடித்து, பொத்தான் எல்லாம் போட்டு மாசிபிசி கையில் கொடுத்தாள். நான் மூன்றாவது வரிசையில் என் அங்கியோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. யார் மேல் உங்களுக்கு அதிகக் கோபம் என்று அதிகாரி இப்போது கேட்டார். முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவள் மாத்திரையை நிறுத்தினாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் கன்னத்தில் அறைந்தேன். "அக்கா, ஒரு வருசம்தானே, பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துடறேன். அங்கி இல்லாம எனக்கு அம்மணமா உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்றாள். ஜூன் மாதம் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்த்தார். இவள் கதவைத் திறக்கவில்லை.

அந்த ஒரு வருடம் சபையில் ஒன்றும் குறையவில்லை. எங்கள் ஊர் ஜூலைக் குளிரில் ஆற்றில் பதினான்கு பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அந்தப் பதினான்கு பேருக்கும் அங்கி தைத்தது கடைசி பெஞ்சுக்காரி. துணியைக் கொண்டுவந்து கொடுத்த மாசிபிசி வாசற்படி ஏறவில்லை, அளவுச் சீட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். தையல்காரி தீட்டு, தையல் மட்டும் தீட்டில்லை போலிருக்கிறது. அக்டோபரில் இரண்டு கல்யாணம், மணப்பெண் உடுப்பும் இவள் தைத்ததுதான், விருந்தில் இவள் தட்டு மட்டும் வெளியே வந்தது. டிசம்பரில் புதுக் கூரை போட்டார்கள். எல்லா ஞாயிறும் அவள் கதவோரம் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் மறுபடி ரத்தம் வந்தபோது நான் பிஷப் வீட்டுக்குப் போனேன். "நீங்க போட்டிருக்கற மூக்குக்கண்ணாடி வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? அதை ஒரு டாக்டர்தானே எழுதிக் கொடுத்தாரு?" என்று கேட்டேன். அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்து, உள்ளே போய்விட்டார். பிஷப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கண்ணாடியை யாரும் முழுங்கறதில்லம்மா" என்றார். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன புதன்கிழமை, ஏப்ரல் 6, காலை ஐந்தரை மணிக்கு என் தங்கை இறந்தாள். வயது முப்பத்து நான்கு. இறப்பதற்கு முந்தின வாரம் அவள் கேட்டது ஒன்றுதான். "என்னை அங்கி போட்டுப் பொதைங்க அக்கா. அது இல்லாமப் போனா அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாது." எங்கள் அம்மாவும் அங்கியோடுதான் போனாள்.

வியாழக்கிழமை பெண்கள் சங்கத்தார் இருபது பேர் வந்து, தரையில் பாய் போட்டு உட்கார்ந்து ஜெபித்தார்கள். முடிந்ததும் நான் அங்கியைக் கேட்டேன். மாசிபிசி விரல் விட்டு எண்ணினாள். கையிலேயே எண்ணினாள், நான் பார்த்தேன். "அவ போன அன்னிக்கு ஈஸ்டருக்கு இன்னும் பதினோரு நாள் கொறையுதே தோலகேலே. வருசம் முடியலையே. நான் என்ன பண்ண, சட்டம் சட்டம்தானே. ஒரு நல்ல போர்வையாப் பாத்துப் போத்திவிடு" என்றாள். "பதினோரு நாள் உயிரைப் புடிச்சி வெச்சிருக்கத் தெரியலை அவளுக்கு, மன்னிச்சிருங்க" என்றேன். அவள் தைத்த துணியை இருபது பேரும் உடுத்திக்கொண்டு வந்து, அவள் அதை உடுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, என் வீட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பக்கத்து வீட்டு டாக்ஸியிலிருந்து டயர் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு நான் சபைக்குப் போனேன். டாக்ஸிக்காரருக்குத் தெரியாது. அலமாரிப் பூட்டை நெம்பியபோது வரவில்லை. அப்போது ஒருவர் உள்ளே வந்தார். கம்பியையும் பூட்டையும் பார்த்தார். அதன் பிறகு, "மேல நெம்பாத மகளே, கீழ்ப்பக்கம் துருப்பிடிச்சிருக்கு, அங்க நெம்பு" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய் வெளிப்புறம் பார்த்து நின்றுகொண்டார். அவர் யார் என்று அதிகாரி மூன்று முறை கேட்டார். சொல்ல மாட்டேன்.

பூட்டு தெறித்தது. அங்கி மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். அலமாரிக்குள் இருந்த பெரிய மேளத்தில் தூசி படியாமல் இருக்க அதைப் போட்டு மூடியிருந்தார்கள். தோள்துண்டை மேளக் குச்சியில் சுற்றியிருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து கத்தினேன் என்பது உண்மை. மேளத்தை உதைத்தேன் என்பதும் உண்மை, அது புகாரில் இல்லை, சேர்த்துக்கொள்ளலாம். வேறு எதையும் எடுக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்து, இஸ்திரி போட்டே காய வைத்தேன். இறுதிச்சடங்கு நிறுவனத்தார் உடலைக் கொண்டுவந்ததும் நானே உடுத்திவிட்டேன். அவள் அளவுக்கே தைத்த அங்கி, இப்போது இன்னொருத்தி உள்ளே நுழையலாம் போல் இருந்தது. முதுகுப் பக்கம் மடித்து ஊசி குத்தினேன்.

சனிக்கிழமை காலை, பெட்டியை மூடுவதற்கு முன் பிஷப் வந்து பார்த்தார். "இந்த அங்கியைக் கழட்டினாத்தான் நான் ஜெபிப்பேன்" என்றார். "கழட்டுங்க. உங்க கையால கழட்டுங்க, நான் தடுக்கலை" என்று சொல்லி வழிவிட்டேன். அவர் கை அசையவில்லை. தன் பிஷப் கோலை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார், மாசிபிசியும் மூப்பர்களும் பின்னால் போனார்கள். பெண்களில் ஒன்பது பேர் போகாமல் நின்றார்கள். குழியருகே ஜெபிக்க ஆள் இல்லாததால் அவர்களே பாடினார்கள், நான் மண் போட்டேன்.

திருடிய பொருளைத் திருப்பி ஒப்படைக்கச் சம்மதமா என்று அதிகாரி கேட்டார். அதற்குப் பதிலாக என் அங்கியைக் கொடுத்துவிடலாம் என்று இன்று காலை பையில் எடுத்து வைத்தேன். அதையும் தைத்தவள் அவள்தான் என்பதால் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். கேட்கிற அங்கி குவாந்துலி இடுகாட்டில், வேலியிலிருந்து நான்காவது வரிசையில், இன்னும் கல் வைக்காத புது மண்மேட்டுக்கு அடியில் இருக்கிறது. அது வேண்டும் என்கிறவர்கள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு வரட்டும். பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். இங்கிருந்து விட்டால் நேராக அங்கேதான் போய் உட்காரப் போகிறேன்.

இதில் எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் நடந்தது. செய்ததற்கு வருந்துவதாக ஒரு வரி சேர்க்கலாமா, நீதிமன்றத்தில் உதவும் என்று அதிகாரி நல்லெண்ணத்தில் கேட்டார். சேர்க்க வேண்டாம் என்று சொல்லி இதன் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) தோ. மபாசோ