கீழ்க்குரல்

— சார், அந்த மஞ்ச ஃபோல்டரத் தொடாதீங்க. மவுஸ விட்டுடுங்க. உங்க ஸ்க்ரீன் எனக்கும் தெரியுது, இங்கேருந்தே நான் பாத்துக்கறேன்.

— விட்டுட்டேன்மா. கையக் கட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன், போதுமா?

— ஒரு நிமிஷம் சார். மியூசிக் சாஃப்ட்வேர் நல்லாத்தான் திறக்குது. எங்ககிட்ட நீங்க வாங்கின கோரஸ் லைப்ரரிய, அந்தப் பாட்டுக் குரல் தொகுப்பத்தான் அது தேடித் தேடிப் பாக்குது. டவுன்லோட் முழுசா ஆயிருக்கு. பன்னெண்டு பொம்பளைங்க குரலும் வந்துருச்சு. இருக்க வேண்டிய எடத்துல மட்டும் இல்ல.

— இல்லாம எங்க போகும்? நான்தானே வச்சேன்.

— எங்க வச்சீங்க?

— போட்டோ இருக்கிற எடத்துல. அவ படமெல்லாம் அங்கதான் கெடக்கு. குரலும் கூடவே இருக்கட்டுமேன்னு வச்சேன்.

— ஓ... இங்க 'வீட்டுக்காரம்மா'ன்னு ஒண்ணு இருக்கே, அதுவா சார்?

— அதேதான். வாயில நுழையாத பேரு ஒண்ணு போட்டிருந்தாங்க. மாத்திட்டேன்.

— பேர மாத்தினா சாஃப்ட்வேருக்கு அடையாளம் தெரியாது சார். ஒவ்வொரு குரலும் எந்தப் பேர்ல எங்க இருக்குன்னு அது எழுதி வச்சிருக்கும். பழைய பேரத் திருப்பி வச்சாத்தான் பாடும்.

— எனக்கு இந்தப் பேர வச்சாத்தான் அடையாளம் தெரியுது, அதுக்குத் தெரியலங்கிற. என்னமோ போ. ஊர்ப்பட்ட லிஃப்ட்டக் கழட்டி மாட்டினவன், இந்தப் பொட்டிகிட்ட வந்து திருதிருன்னு முழிக்கிறேன்.

— லிஃப்ட் மெக்கானிக்கா சார் நீங்க? பாட்டுக்கு மியூசிக் போடறவர்னு நெனச்சேன். அவங்கதான் இதையெல்லாம் வாங்குவாங்க.

— நான் பாட ஆரம்பிச்சா லிஃப்ட்டே பயந்து நின்னுடும். போன மாசம் ஒரு பில்டிங்ல ஒண்ணு நடுவுல மாட்டிக்கிச்சு. கதவ நெம்பித் திறந்தா, உள்ள ஒரு அம்மா. எங்க வீட்டுக்காரிகூட ஒரே குழுவுல பாடினவங்க. வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்தவங்க, எங்க குரலயெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு விக்கிறாங்களாமே, நீங்க கேட்டீங்களான்னு கேக்கறாங்க. அன்னிக்கே இந்தப் பொட்டிய வாங்கிட்டேன்.

— கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், சரியாக் கேக்கல.

— இதுக்கு மேல வராதும்மா.

— பரவால்ல சார். ஃபைல் எடம் மாறிட்டிருக்கு, அந்தப் பச்சக் கோடு முடியட்டும்... அவங்க நல்லாப் பாடுவாங்களா?

— பாடுவா. காய் நறுக்கும்போது, வீடு கூட்டும்போது. அப்பல்லாம் நான் ரேடியோவ சத்தமா வச்சிக்குவேன். இப்ப வீடு கப்சிப்புனு கெடக்கு. பாத்திரம் கழுவற சத்தத்தத் தவிர ஒண்ணும் கெடையாது.

— புரியுது சார். எங்கம்மா போனப்புறம், அவங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சிச்சு. சாப்பிட்டியா, போன் பண்ணும்பாங்க, அவ்ளோதான். எனக்கு வீட்லேருந்தே வேலை. ரூம்ல வேற யாரும் இல்ல. மத்தியானம் அதப் போட்டுட்டுத்தான் தட்டுல கை வைப்பேன்.

— அடப் பாவமே. சின்னப் பொண்ணு, தனியாவா இருக்க?

— பழகிருச்சு சார். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு சொன்னேன்.

— ம்... அந்தக் கோடு முடிஞ்சிருச்சு போலருக்கே, பாரு.

— முடிஞ்சிருச்சு சார். இப்ப லைப்ரரிய சாஃப்ட்வேருக்குக் காட்டிக் குடுத்துடறேன்... ஆங், ஏத்துக்கிச்சு. கீபோர்டுல ஏதாவது ஒரு எழுத்த அமுத்தி அப்படியே பிடிங்க.

— யம்மாடி. எல்லாரும் சேர்ந்து பாடறாங்களே. இதுல அவள எங்கன்னு தேடுவேன்?

— வரிசை வரிசையாத்தான் ரெக்கார்டு பண்ணிருக்காங்க, தனித்தனி மைக் வச்சு. அவங்க மேல்குரலா, கீழ்க்குரலா?

— கீழ. கட்டக்குரல்னு அவளே சலிச்சிக்குவா.

— அப்ப மத்த வரிசைய மூடிடறேன். இதுல நாலே பேர்தான். அமுத்துங்க.

— இரு. இரு. பாட்டுக்கு முன்னாடி மூச்சு ஒண்ணு கேக்குதே.

— அதுவா? பாடறவங்க மூச்சு இழுக்கறது சார். நிறையப் பேரு வேணாம்னு எடுத்துடுவாங்க. பட்டன் இருக்கு, நிறுத்திடட்டுமா?

— தொடாதம்மா. அவதான் அது. என்னத் திட்டறதுக்கு முன்னாடி மூக்கால இப்படித்தான் ஒரு இழுப்பு இழுப்பா. நாலு பேர் இல்ல, நாப்பது பேர்ல விட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன்.

— சரி சார், தொடல.

— இன்னொரு தடவ அமுத்தட்டுமா?

— தாராளமா சார். அமுத்துங்க, எத்தன தடவ வேணும்னாலும் அமுத்துங்க.

— இதுல வார்த்த ஏதாவது வருமா? பேச்சு மாதிரி, சும்மா ஒண்ணு ரெண்டு?

— இல்ல சார். 'ஆ', 'ஊ' மட்டும்தான். வார்த்தையே பாட வைக்கல.

— சரி விடு. திட்டற மாதிரியாவது இருந்தா நல்லாருந்திருக்கும். அவ குரல் காதுல விழுந்தாப் போதும்னு கெடந்தேன், விழுந்துருச்சு. சத்தத்தக் குறைக்கறது எங்கம்மா?

— எதுக்கு சார் குறைக்கணும்? மனசாரக் கேளுங்க. தொந்தரவுன்னு சொல்ல வீட்ல யாரு இருக்கா?

— அவ இருக்காளே. பக்கத்து ரூம்ல துணி மடிச்சிட்டிருக்கா.

— யாரு சார்?

— வீட்டுக்காரிதாம்மா. போன் வந்தாக்கூடக் கதவச் சாத்திக்கிட்டுத்தான் பேசுவா. எங்கிட்டப் பேச்ச நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. எதுக்குன்னு கேட்டா, அதச் சொல்றதுக்கும் எங்கிட்டப் பேசணுமே.