எதிர்ப்பக்கத்து நாற்காலி

— முழுசா ஒரு மணி நேரம் ஆச்சு தம்பி, நீங்க மண்டி போட்டு உக்காந்து. காலை நீட்டுங்க. எங்க டிரைவிங் ஸ்கூல் பசங்க இவ்வளவு நேரம் இப்படி உக்காந்தா கிளட்ச் எந்தப் பக்கம்னே மறந்துடுவாங்க.

— பரவாயில்லை தனிமுரா சார். கால் இருக்கிறதே தெரியலை. அதனால வலியும் தெரியலை.

— என்னங்க, பிள்ளையை வாயைத் திறக்க விடுங்களேன். பத்து மணியிலேர்ந்து புயல், மீன் விலை, புதுப் பாலம்னு நீங்களே பேசிட்டிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை அதுவுமா கோட்டு மாட்டிக்கிட்டு, இனிப்புப் பெட்டி தூக்கிட்டு, மீன் விலை கேக்கவா வந்திருக்காரு?

— ஃபுசாயே, நீ போய் அடுப்பைப் பாரு.

— அடுப்பு எங்கேயும் ஓடிடாது. சொனோதா தம்பி, சிவப்புப் பயறு போட்டுச் சோறு வெச்சிருக்கேன். நல்ல காரியம்னா எங்க வீட்ல அதுதான். மிசுஹோவை எள்ளு வாங்க அனுப்பியிருக்கேன். பொண்ணு திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிச்சிடுங்க.

— ரொம்ப நன்றி அம்மா. சார், இன்னிக்கு நான் வந்தது உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு—

— நிறுத்து. கண்ணாடியைப் பாக்காம வண்டியை எடுக்காதே. முதல்ல உன் வேலை என்ன? நூடுல்ஸ் கம்பெனின்னு மிசுஹோ சொன்னா.

— இப்பதான் வாங்க போங்கன்னு பேசினீங்க, அதுக்குள்ள வா போவா?

— ஃபுசாயே.

— நூடுல்ஸ் கம்பெனி என் சட்டையில இருக்கு சார். முதுகுப் பக்கம், பெரிய எழுத்துல. அவங்க சம்பளம் குடுக்கறாங்க. நான் சண்டை கேம் ஆடுறவன். அதுதான் என் வேலை.

— கேட்டியா?

— கேட்டேன். இந்த வீட்டுக்கு அந்த வியாதி புதுசு மாதிரி முகத்தை வெச்சுக்காதீங்க. தம்பி, தொண்ணூத்தி மூணுல ஸ்டேஷன் எதிர்ல, பௌலிங் கடை மாடியில, காசு போட்டு வீடியோ கேம் ஆடுற இடத்துல, நான் சில்லறை மாத்திக் குடுக்கிற கவுண்டர்ல இருந்தேன். இவரு முகத்தைப் பாத்தது மூணு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் முதுகு மட்டும்தான். அந்த முதுகுக்குப் பின்னாடி எப்பவும் பதினஞ்சு பேர் நிப்பாங்க, வாயில சிகரெட்டோட.

— பதினஞ்சா? சனிக்கிழமைன்னா படிக்கட்டு வரைக்கும் நிப்பாங்க.

— முதுகைப் பாத்தா அம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?

— முதுகு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. திரும்பினப்புறம் யோசிச்சிருக்கணும்.

— போதும். தம்பி, நீ எப்படிப் பிடிப்ப? ஜாய்ஸ்டிக்கைச் சொல்றேன். மேலேர்ந்தா, கீழேர்ந்தா?

— ஜாய்ஸ்டிக் இல்லை சார். தட்டையா ஒரு பெட்டி. அதுமேல பதினாலு பட்டன்.

— அது டைப்ரைட்டர்.

— இடது பக்கம் நகர ஒரு பட்டன், வலது பக்கம் நகர ஒரு பட்டன், குதிக்க ஒண்ணு—

— சண்டை போடுறியா, லெட்டர் அடிக்கிறியா? நாங்கெல்லாம் சாகே குடிக்கிற கிண்ணத்தை ஏந்துற மாதிரி, கீழேர்ந்து ரெண்டு விரலுக்கு நடுவுல வாங்கி, இப்படி... ஃபுசாயே, சிரிக்காதே.

— பாத்தீங்களா தம்பி? கையில ஜாய்ஸ்டிக்கே இல்லை. டீ கிண்ணம் சுத்துது.

— பாத்தேன் அம்மா. சார், அந்த அரைவட்டத்தை இன்னொரு தடவை காட்டுவீங்களா?

— ஐஸ் வைக்காதே. கேம்ல நெருப்பு விடுறதுக்கு இப்பவும் அரைவட்டம்தானே?

— அரைவட்டமும் உண்டு. ஒரு பட்டனைத் தட்டினாலும் விடும். புதுசா வர்றவங்களுக்காக அப்படி வெச்சிருக்காங்க.

— ஒரே பட்டன்.

— ஒரே பட்டன்தான் சார்.

— விரல்ல தோல் உரிஞ்சு, பிளாஸ்திரி சுத்தி, ஆறு மாசம் கத்துக்கிட்டதை இப்ப ஒரே பட்டன்ல. அது ஆட்டோமேட்டிக் கியர்ப்பா.

— உங்க ஸ்கூல்லயே முக்கால்வாசிப் பேரு ஆட்டோமேட்டிக் லைசென்ஸ்தானே எடுக்கறாங்க? அவங்க ஓட்டலையா?

— ஓட்டறாங்க. மலை ஏத்தத்துல நிறுத்தி எடுக்கச் சொல்லிப் பாரு, தெரியும்.

— மிசுஹோ பழைய முறைதான் சார். அரைவட்டம் போட்டுத்தான் விடுவா. அவளோட பத்து ஆட்டம் ஆடினா நான் மூணு ஜெயிப்பேன்.

— மூணு ஜெயிப்பியா?

— நல்ல நாள்ல.

— பரவாயில்லையே.

— ஆனா புத்தாண்டுக்கு வீட்டுக்கு வந்தா, உங்ககிட்ட ஒரு ஆட்டம்கூட அவ ஜெயிச்சதில்லைன்னு சொல்றா. நிஜமா சார்?

— குழந்தைக்கு விட்டுக்குடுத்தா கெட்டுப்போயிடும்.

— குழந்தைக்கு இருபத்தாறு வயசு. இந்தப் புத்தாண்டுக்கு ரெண்டு பேரும் டிவியை விட்டு நகரலை தம்பி. சூப்பு ஆறி, அரிசிக் கொழுக்கட்டை கல்லாயிடுச்சு.

— சார், ஒரு நிமிஷம். முகம் கழுவிட்டு வந்துடறேன்.

— இடது பக்கம் ரெண்டாவது கதவு. பாத்து, பாத்து. கால் மரத்திருக்கும், சுவத்தைப் பிடிச்சுக்கோ.

— போயிட்டாரு. சொல்லுங்க, எப்படி இருக்காரு?

— வாத்து மாதிரி நடக்கறான்.

— ஒரு மணி நேரம் மண்டி போட வெச்சது யாரு? குணத்தைச் சொல்லுங்க.

— குணத்துக்கு என்ன. மூணுதான் ஜெயிப்பேன்னு உள்ளதைச் சொன்னானே. ஆனா தொழிலைப் பாரு ஃபுசாயே. இன்னிக்குக் கூட்டம், நாளைக்கு ஈ காக்கா இருக்காது. அதை நம்பி நம்ம பொண்ணைக் குடுத்துடறதா?

— எங்க அப்பா டிரைவிங் ஸ்கூலை நம்பிக் குடுத்தாரே.

— சாலை இருக்கிற வரைக்கும் டிரைவிங் ஸ்கூல் இருக்கும்.

— தொண்டையைக் கனைச்சுக்கிட்டே வராரு. சிரிச்ச முகமா இருங்க.

— மன்னிக்கணும் சார், ரொம்ப நேரம் ஆக்கிட்டேன்.

— உக்காரு. சம்மணம் போட்டு உக்காரு. இப்பக் கூட்டம் எவ்வளவு வருது?

— போன வருஷம் போட்டியைச் சுமோ குஸ்தி நடக்கிற மண்டபத்துல வெச்சாங்க. டிக்கெட் கிடைக்காம வெளியில நின்னாங்க. பாட்டுப் பாடுறவங்க, காமெடி பண்றவங்க எல்லாரும் இப்ப இதை நேரலையில ஆடுறாங்க. பள்ளிக்கூடப் பொண்ணுங்க விசிறியில என் பேரை எழுதி எடுத்துட்டு வராங்க.

— விசிறியா?

— எனக்கே கூச்சமா இருக்கு சார்.

— எங்களுக்கு விசிறி இல்லை, சிகரெட் புகைதான். ஆனா கூட்டம் இருந்துச்சு. மெஷினெல்லாம் முதுகோட முதுகா நிக்கும். நீ இந்தப் பக்கம், எதிராளி அந்தப் பக்கம். முகம் தெரியாது. சுத்திப் போய் முகத்தைப் பாக்கக் கூடாது, அது அசிங்கம். அந்தப் பக்கம் காசு விழுற சத்தம் கேக்கும். வாடா பாப்போம்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒவ்வொண்ணாப் போச்சு. வீட்டு டிவிக்கே கேம் வந்துடுச்சு. பொம்மை தூக்குற கொக்கி மெஷின் வந்துச்சு. எங்க மெஷின் அஞ்சைத் தூக்கிட்டு, பொண்ணுங்க போட்டோ எடுத்து ஸ்டிக்கர் ஆக்குற பெட்டியை வெச்சாங்க.

— அந்தப் பெட்டி மேல பழி போடாதீங்க. புதுசா ஒரு பையன் ஆசையாக் காசு போட்டா, இருபது செகண்டுல அடிச்சு எழுப்பிடுவீங்க. மூக்கை உறிஞ்சிக்கிட்டே என் கவுண்டரைத் தாண்டிப் போவான். அவன் மறுபடி ஏன் வருவான்?

— அதான் சார் இப்ப அந்த ஒரே பட்டன்.

— ம். அப்படிச் சொல்றியா. சரி, கேளு. ரெண்டாயிரத்து ஒண்ணு, ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில போய் உக்காந்தேன். கம்ப்யூட்டரோட ஆடினேன், ஜெயிச்சேன். மறுபடி ஆடினேன். அந்தப் பக்கம் காசு விழவேயில்லை. சாயங்காலம் வரைக்கும் விழலை. எழுந்து, அத்தனை வருஷத்துல முதல் தடவையா, சுத்திப் போய்ப் பாத்தேன். நாற்காலி இருந்துச்சு. அதுமேல யாரோ விட்டுட்டுப் போன குடை. அவ்வளவுதான். ஆட்டத்தை நான் விடலை தம்பி. எதிர்ல ஆள் வரலை.

— அன்னிக்குக் காய்ச்சல்னு சொல்லிப் படுத்தீங்க.

— காய்ச்சல்தான்.

— கஞ்சி வெச்சுக் குடுத்தேனே.

— குடிச்சேனே. சரி தம்பி, இப்ப நேராப் பதில் சொல்லு. இந்தக் கூட்டமும் ஒரு நாள் போயிடும். அன்னிக்கு நீ என்ன பண்ணுவ?

— கூட்டம் போனப்புறம்தான் சார் நான் வந்தேன்.

— புரியலை.

— எங்க ஊரு அகிதா பக்கம். சூப்பர் மார்க்கெட் மாடியில ஒரே ஒரு மெஷின் மிச்சம் இருந்துச்சு. பதினோரு வயசுல அதுல ஆரம்பிச்சேன். எதிர்ல யாரும் வரலை. யாராவது வரணும்னுகூட எனக்குத் தெரியாது. அப்புறம் இன்டர்நெட்ல ஒரு ஆள் கிடைச்சாரு, கொரியாக்காரரு. பனி பெஞ்சா எங்க வீட்டு லைன் கட்டாயிடும், மறுபடி வர்ற வரைக்கும் அவரு காத்திருப்பாரு. ஏழு வருஷம் அவரோட மட்டும்தான் ஆடினேன். கூட்டத்தை நான் முதல்ல பாத்தது மூணு வருஷம் முன்னாடி. பயந்து கக்கூஸ்ல போய் உக்காந்துட்டேன். கூட்டம் போயிடுச்சுன்னா பழைய இடத்துக்குப் போவேன் சார். பகல்ல வேற வேலை பாப்பேன். ரொட்டிக் கடையில இருந்திருக்கேன், மாவு பிசையத் தெரியும். அங்கேயும் நான் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

— என்னங்க, எதுக்குத் தலையாட்டறீங்க?

— இரு. பையன் மலை ஏத்தத்துல நிறுத்தி எடுத்துட்டான்.

— அப்படின்னா?

— அப்படின்னா பாஸ். தம்பி, என்ன கேக்க வந்தியோ, அதுக்கு என் பதில் சரிங்கிறதுதான்.

— சார், நிஜமாவா? இன்னும் நான் கேக்கவே இல்லையே.

— கேக்காமலே தெரியாதா? இந்த வீட்ல உனக்கு வேற என்ன வேலை?

— ஐயோ, இப்பதான் மூச்சு வருது. அப்பா ஒத்துக்கவே மாட்டார், போய்ச் சும்மா மண்டி போட்டுட்டுத்தான் வரணும்னு மிசுஹோ சொன்னா.

— அவளுக்கு என்ன தெரியும். ஃபுசாயே, அந்த நல்ல சாகேயை எடு.

— எடுத்து வெச்சு அரை மணி நேரம் ஆச்சு. தம்பி, கண்ணு கலங்குது எனக்கு, நீங்க பாக்காதீங்க. எப்ப வெச்சுக்கலாம்? வசந்தத்துலயா, இலையுதிர் காலத்துலயா?

— நவம்பர் ஒன்பதாம் தேதி அம்மா. ஒசாகாவுல. மண்டபம்கூட முடிவாயிடுச்சு.

— கேட்டீங்களா? மண்டபமே பிடிச்சாச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க. எத்தனை பேர் வருவாங்க தம்பி?

— நாலாயிரம்.

— நாலாயிரமா?

— போன தடவை நாலாயிரத்தி இருநூறு அம்மா.

— போன தடவையா?

— ஆமாம் அம்மா, வருஷா வருஷம் உண்டே. சார் கறுப்புச் சட்டை போடணும், அளவு நான் வாங்கிட்டுப் போறேன். முதுகுல நூடுல்ஸ் பேரு இருக்கும், அதைச் சார் பொறுத்துக்கணும்.

— சொனோதா. வண்டியை ஓரமா நிறுத்து. நான் எதுக்கு நூடுல்ஸ் சட்டை போடணும்? என் பொண்ணைக் கட்டிக்கக் கேட்டுத்தானே நீ வந்திருக்கே?

— மிசுஹோவையா? இல்லை சார், மூணு பேர் அணிப் போட்டி அது, ஒருத்தராவது ஐம்பது வயசு தாண்டினவரா இருக்கணும்னு விதி. நானும் மிசுஹோவும் இருக்கோம், நான் கேட்டு வந்தது உங்களை.