ஒண்ணாது என்று சொன்னவர்

தம்பி: "மார்ச் பதினான்கு, வியாழன். இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். சொல் அட்டையின் நான்காவது கட்டத்தைத் தவறாக நிரப்பினேன்..."

அக்கா: இதுக்குத்தான் துணி மடிக்க விடாம உட்கார வெச்சியா? அடிச்சிட்டுத் திருப்பி எழுது.

தம்பி: டைரில அன்னிக்கு எழுதினதை முழுசாக் கேளுக்கா. நாலு நாளா மனசு அறுக்குது.

அக்கா: சரி, என்ன சொல்லு அது?

தம்பி: ஒண்ணாது.

அக்கா: உலகத்துல வேற சொல்லே கிடைக்கலையா உனக்கு?

தம்பி: வீட்டுல புழங்குற பழைய சொல் ஒண்ணு கொண்டாங்கன்னார் வாத்தியார். அம்மா வாயில நாளைக்கு நாப்பது தடவை வருமே. "உன்னோட மல்லுக்கட்ட ஒண்ணாதுடா." "இந்த முட்டியை வெச்சுக்கிட்டுப் படியேற ஒண்ணாது."

அக்கா: எல்லாரும் சிரிச்சிருப்பாங்க.

தம்பி: சிரிச்சாங்க. எந்தக் காட்டுல இப்படிப் பேசுறாங்கன்னு பின் பெஞ்சுல ஒருத்தன் கேட்டான். அப்பத்தான் அட்டையை நிரப்பிக்கிட்டிருந்தேன். 'சொன்னவர்'னு ஒரு கட்டம்...

அக்கா: அதுல?

தம்பி: 'மாடிப்படி கூட்ட வரும் ஒரு வயதான பெண்.'

அக்கா: அடப்பாவி.

தம்பி: கை தானா எழுதிடுச்சுக்கா.

அக்கா: கை தானா எழுதுமா? பெத்தவளைப் போய்...

தம்பி: திட்டு. இன்னும் இருக்கு. அட்டையை வாங்கின வாத்தியார் பலகைல எழுதிக் காட்டினார். ஒன்றாதுங்கிறதுதான் பேச்சுல ஒண்ணாது ஆச்சாம். ஒத்துவராது, கூடிவராதுன்னு அர்த்தம். பேப்பர்ல 'சொல்லொணாத் துயரம்'னு போடுறாங்களே, அந்த 'ஒணா' இதோட கூடப்பிறந்ததாம். முடியாதுன்னா மூஞ்சில கதவைச் சாத்துற மாதிரி. ஒண்ணாதுன்னா, எனக்கு மனசுதான், காரியம் கூடி வரலைங்கிற மாதிரி. ஒருத்தனும் அப்புறம் சிரிக்கல.

அக்கா: நல்ல சொல்லுதான்...

தம்பி: அவங்க குரலைப் பதிவு பண்ணி அடுத்த வகுப்புக்குக் கொண்டா, பேரோட தொகுப்புல சேர்க்கலாம்னார். நாலு நாளா செல்போனை வெச்சுக்கிட்டு அம்மா பின்னாடியே சுத்துறேன். அந்தச் சொல்லு மட்டும் வரவே மாட்டேங்குது.

அக்கா: வேலைக் களைப்பா இருக்கும்.

தம்பி: அடுப்படில இருக்காங்க, நீயே கேளு. அம்மா, அந்த ஜாடி மூடியைத் திறந்து தர முடியுமா?

அம்மா: கை வழுக்குதுப்பா. என்னால... முடி... முடியாது.

தம்பி: கேட்டியா? பரீட்சை எழுதுற மாதிரி யோசிச்சு யோசிச்சு. டைரியைப் படிச்சிட்டாங்கக்கா. நான் அவங்களை யாரோ ஆக்கிட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே எந்த முகத்தோட...

அக்கா: படிக்கலடா.

தம்பி: உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: மெதுவாப் பேசு. ரெண்டு வாரமாவே இப்படித்தான்... உன் அட்டைக்கு முன்னாடியே. நான்தான் மாத்திக்கச் சொன்னேன்.

தம்பி: நீயா? எதுக்கு?

அக்கா: எங்க கிளினிக்ல அம்மாவை டோக்கன் மேஜைல உட்கார வெச்சாங்கள்ல, முதல் நாளே ஒருத்தர்கிட்ட, "இப்ப டாக்டரைப் பார்க்க ஒண்ணாதுங்க, அரைமணி பொறுங்க"ன்னாங்க. லேப்ல என்கூட இருக்கிற ரெண்டு பேரும் நாள் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு...

தம்பி: அதுக்காக?

அக்கா: வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு, முடியாது முடியாதுன்னு இருபது தடவை சொல்ல வெச்சேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல. "நாக்கு திரும்பலடி"ன்னு மட்டும் சொன்னாங்க.

தம்பி: அந்த ரெண்டு பேர்கிட்டயும் நீ என்ன சொன்னே?

அக்கா: டைரியை எடு. நாளைக்குச் செய்யவேண்டியதுன்னு தினமும் கீழ எழுதுவியே, எழுதிட்டியா?

தம்பி: எழுதிட்டேன். "நாளை: வகுப்புக்கு முன்பே ஆசிரியரைப் பார்த்து, நான்காவது கட்டத்தை அடித்து, 'என் அம்மா' என்று எழுத வேண்டும்."

அக்கா: அதுக்குக் கீழ என்னோடதையும் எழுது. காலையில எட்டு மணிக்கு லேப் திறந்ததும், டோக்கன் மேஜைல இருக்கிறது என் அம்மான்னு அந்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும். அவங்களுக்கு இன்னும் தெரியாது... அன்னிக்கு நானும் அவங்களோட சேர்ந்துதான் சிரிச்சேன்.