அசையாத தண்ணீர்

கட்டன் சாயா நன்றாக இருக்கிறது, மேடம். பால் கலக்காத இந்தச் சாயா ஒரு தட்டு நிறைய இருந்தால் போதும், நான் அச்சிடுகிற நீலநிற போட்டோவை அதில் ஊறப்போட்டுக் கறுப்பாக்கிவிடலாம். நம்ப மாட்டீர்கள். இரண்டு மருந்தைக் கலந்து காகிதத்தில் பூசி, மேலே பிலிமை வைத்து, கண்ணாடியால் அமுக்கி வெயிலில் போடவேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் படம் நீலமாக எழுந்து வரும். சிலர் அதைச் சாயாவில் போட்டு நிறம் மாற்றுவார்கள். எனக்கு நீலமே போதும்.

கண்காட்சியில் என் கிணற்றுப் படத்தின் முன் நின்று, "இது கம்ப்யூட்டர் வேலையல்லே?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அதற்காகத்தான் எருத்தேன்பதியிலிருந்து உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டு வந்தேன். இந்தப் பூபதிராஜாவுக்குக் கம்ப்யூட்டரைத் திறக்கக்கூடத் தெரியாது. என் கேமரா ஆசாரி செய்து கொடுத்த மரப்பெட்டி. பிலிம், ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படமெடுக்கிற எக்ஸ்ரே பிலிம். ஒரு மரச்சட்டத்தில் முன்பக்கம் ஒரு தாள், பின்பக்கம் ஒரு தாள். ஒன்று கெட்டால் சட்டத்தைத் திருப்பிச் செருகி அடுத்ததை எடுக்கலாம். மண்ணில் விதைக்கிறவனுக்கு அந்த முன்யோசனை எப்போதும் உண்டு.

சிவசங்கரியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? வருகிறேன். அவள் புருஷன் ரத்தினசாமி எங்கள் தோப்புக்கு மோட்டார் மெக்கானிக். அன்று காலையில் பால் சொசைட்டி வாசலில் இரண்டு பேருக்கும் சண்டை. "போய் அந்தக் கெணத்துல உழுந்து தொல" என்று அவள் கத்தியதை ஊரே கேட்டது. மத்தியானம் அவன் என் கிணற்றில் செத்துக் கிடந்தான். சோற்றுத் தூக்கோடு கிணற்றடியில் நின்றவள் அவள் ஒருத்திதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நீங்களும் அவளைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். என்னைக் கேட்டபோது, தேங்காய் வியாபாரியைப் பார்க்கக் கொழிஞ்சாம்பாறை போயிருந்தேன் என்றேன். அவள் மகள் இப்போது அத்தை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். தோப்பு வழியாகப் போகும்போது எனக்கு வணக்கம் சொல்வாள். நல்ல பிள்ளை.

இனி படத்துக்கு வருவோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் அம்மி பறக்க ஆடி வரவேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று முதலில் எங்கள் தென்னைகளைப் பிடித்து உலுக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். அந்த மரப்பெட்டியில் கிணற்றின் ஆழத்தைப் படமெடுக்க வேண்டுமானால் ஒரு உலைச் சோறு வேகும் நேரம் லென்ஸைத் திறந்து வைக்கவேண்டும். அதற்குள் தண்ணீரில் ஒரு கீற்று நிழல் ஆடினாலும் படம் போச்சு. வருஷக்கணக்கில் முயன்று எத்தனை தாள் பாழாக்கியிருப்பேன் தெரியுமா. என் பெண்டாட்டிகூட, "பைத்தியம் முத்திப்போச்சு" என்றாள்.

அன்றைக்குக் காற்று நின்றது. ஓர் ஓலைகூட அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மேடம். கிணற்று விளிம்பில் பெட்டியைக் குப்புறச் சாய்த்து நிறுத்தினேன். நடுவில் தொங்கி ஆடிய இறைகயிற்றை மேலே இழுத்துச் சுருட்டிக் காலடியில் வைத்தேன். ரத்தினசாமி கீழே மோட்டார் மேடையில் ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான். "சீக்கிரம் மேல வா" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். பாசிப் படியில் கால் வழுக்கி, மேடை விளிம்பில் இடுப்பு அடிபட்டு, தண்ணீரில் விழுந்தான். பைப்பைப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் முழுதும் கலங்கிவிட்டது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கோபத்தில் நான் எதுவும் செய்யவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆற அமரக் காத்திருந்தேன். வளையம் ஒவ்வொன்றாக அடங்கியது. காற்று இன்னும் வரவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றினேன்.

"ஏனுங்க, இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியலீங்க. அந்தக் கயித்தப் போடுங்க" என்றான்.

"கொஞ்சம் பொறு, ரத்தினா. ஒரு ஒல சோறு வேகற நேரந்தான். அசையாம இரு."

"சரிங்க" என்றான்.

சரிங்க என்று அவன் வாயால் சொன்னான். இதையும் எழுதுங்கள். நான் கட்டாயப்படுத்தவில்லை. அவனுடைய அப்பன் காலத்திலிருந்து எங்கள் தோப்பில் அந்தக் குடும்பம் ஒரு சொல்லுக்கு மறுசொல் பேசியதில்லை. பாவம், முடிந்தவரை அசையாமல்தான் இருந்தான். கயிற்றைப் போட்டிருந்தால் தண்ணீர் மறுபடியும் கலங்கியிருக்கும். பொறுத்தார் பூமியாள்வார். கடைசியில்தான் பொறுமை போய்க் கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினான். என்னவோ கூப்பிட்டான், பேர் மாதிரி இருந்தது, என் பேர் இல்லை.

அவனை எடுத்தபிறகு கிணற்றை இறைக்கச் சொன்னார்கள். நான் விடவில்லை. அந்தத் தண்ணீரில் அலசினால் வருகிற நீலம் வேறு எந்தத் தண்ணீரிலும் வராது.

சிவசங்கரியை விட்டுவிடுங்கள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் அவனைத் தொடக்கூட இல்லை. தொட்டதெல்லாம் லென்ஸ் மூடியைத்தான்.

இதோ, இரண்டு பிலிமும் இருக்கின்றன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் தாளில் பைப்பை ஒட்டிப் புகை மாதிரி ஒரு கறை தெரிகிறதா? அது அவன் கை. ஆட்டி ஆட்டிப் படத்தைக் கெடுத்துவிட்டான். அதனால்தான் சட்டத்தைத் திருப்பிச் செருகினேன்.

கண்காட்சியில் நீங்கள் பார்த்தது இரண்டாவது. பைப்படியில் இருப்பதைப் பாறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், தலைமுடி ஒவ்வொன்றாக எண்ணலாம். எதுவும் அசையவில்லை. கம்ப்யூட்டரில் இப்படி வராது, மேடம்.