நதியா எடுக்குற படம்

— எம்மக படம் எடுக்குறா, படம் எடுக்குறான்னு நீதான ஊரெல்லாம் சொன்ன ஜக்கம்மா. அது மார்க்கையன்கோட்டை வரைக்கும் போயிருச்சு. நதியாவுக்கு நாம பாத்திருக்குற மாப்பிள்ளையோட அப்பா சுந்தரலிங்கம் எனக்குப் போன் போட்டு, பொண்ணு சினிமாவுல இருக்காமேன்னு கேக்குறாரு. நமக்கெதுக்கு வம்பு, விசாரிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன்.

— அனுசுயா மதினி, உங்களுக்குத் தெரியாததா. நதியா பெங்களூர்ல ஆராய்ச்சில்ல பண்றா. மைக்ராஸ்கோப்புல எடுக்குற படம் அது.

— மைக்ராஸ்கோப்பு நம்ம பள்ளிக்கூடத்துலயும்தான் இருந்துச்சு. வெங்காயத் தோல வச்சுப் பாத்தோம். அதுக்கா இம்புட்டு வருசம் படிச்சா?

— அது உரிச்ச தோலு மதினி. இவ உசிரோட இருக்குற இலைக்குள்ள பாக்குறா. அறுக்காம, கிழிக்காம, ஒவ்வொரு அடுக்கா.

— அறுக்காம உள்ள என்னத்தத் தெரியும்?

— லேசர் வெளிச்சம் விட்டாத் தெரியுமாம். ஆனா அதையே விடாம அடிச்சா இலை செத்துரும்ல. அதுக்குன்னு ஒரு வட்டு வச்சிருக்காக. வட்டு பூராம் ஊசிமுனை ஓட்டை. விர்ருன்னு அது சுத்துறப்ப வெளிச்சம் பொடிப்பொடியா விழும்.

— மடையத் தொறந்து விடாம பூவாளியில தெளிக்கிறது. இதைச் சொல்ல எதுக்கு இங்கிலீசு.

— அதேதான் மதினி. இலையும் சாகாது, உள்ள நடக்குறது அப்படியே ஓடுற படமா வந்துரும். நோய்ப் பூசணம் இலைக்குள்ள நுழையுறத எனக்குப் போன்ல காட்டுனா. பச்சையா மினுமினுன்னு இருக்கு, நடுவுல அது வேர் விட்டுக்கிட்டே போகுது.

— வில்லன் சரி. நடிக்கிறது யாரு?

— திராட்சை இலை.

— சுந்தரலிங்கம் உடனே நம்பிருவாரு.

— நம்பாட்டிப் போறாரு. வெளிநாட்டுக்காரவுக எம்மக எடுத்த படத்தக் கேட்டு வாங்கிப் பாக்குறாக.

— பெருமையெல்லாம் இருக்கட்டும். அவரு இன்னொண்ணும் கேட்டாரு. கல்யாணத்துக்குப் பெறகு வேலைய விட்டுருவாளான்னு. பையன் சின்னமனூர்க் கடைய விட்டு நகர மாட்டானாம். இப்பத் திரும்பக் கூப்பிடுவாரு, என்ன சொல்ல?

— விட்டுருவான்னு சொல்லிருங்க.

— அவகிட்டக் கேட்டியா?

— கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவா. அந்தக் கொடிய விட்டுட்டு எப்படிம்மா வர்றதுன்னு போன வாரங்கூட அழுதா. நல்ல எடம் மதினி, கை தவறிரக் கூடாதுல்ல.

— எந்தக் கொடி?

— கோவிச்சுக்கிறாதீக. உங்க திராட்சைப் பந்தல்ல நோய் விழுந்துச்சுல்ல, அதைப் பிடுங்குறதுக்கு முன்னாடி லீவுக்கு வந்தவ ஒரு குச்சிய ஒடிச்சு, ஈரத்துணியில சுத்திக் கொண்டு போயிட்டா. உங்ககிட்டச் சொல்லல. அங்கன தொட்டியில ஊனி, அது தளுத்து, அந்த இலையத்தான் படம் எடுக்குறா.

— எங்க பன்னீர் திராட்சையா?

— ஆமா.

— எல்லாத்தையும் எரிச்சாச்சே ஜக்கம்மா. அன்னையிலருந்து எங்க வீட்டுக்காரரு தோட்டத்துப் பக்கமே போகல.

— அங்கன துளிர் விட்டுருக்கு மதினி. எந்த எடத்துல நோயை மடக்கலாம்னு அதுக்குள்ளதான் தேடுறா. அகப்பட்டுருச்சுன்னா மறுபடி இங்கன நடலாமாம்.

— கேட்டு எடுத்துட்டுப் போனா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன். களவாணிக் கழுதை.

— தொட்டியில உங்க பேரத்தான் எழுதி ஒட்டியிருக்கா. அனுசுயா அத்தைன்னு. தமிழ்லயே.

— இரு, போன் அடிக்குது. அவருதான்.

— விட்டுருவான்னு மறக்காமச் சொல்லிருங்க மதினி.

— நீ சும்மா இரு. அலோ, சொல்லுங்கண்ணே. விசாரிச்சுட்டேன், சினிமாதாண்ணே. கதாநாயகி எங்க வீட்டுக் கொடி. என்னது, வேலையா? அதை விட முடியாதுண்ணே, எங்க கொடிய யாரு பாக்குறது? உங்க பையன் கடையத் தூக்கிக்கிட்டு பெங்களூருக்கு வருவாரான்னு கேட்டுச் சொல்லுங்க.