ஏழாவது பொறி

சுரங்கத்தின் அடியிலுள்ள ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள்: ஒளிப்பொறிகளை எண்ணுபவர், போலிப் பொறிகளைப் போடும் அவர் மனைவி, சாட்சிக்கு, சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்குபவர்.

— ஒட்டின உறை ஒட்டினபடியே இருக்குன்னு நீங்கதான் கையெழுத்துப் போடணும், கூண்டுக்காரரே.

— போடறேன் சார். என்னன்னு தெரியாம போட்டா வீட்டுல திட்டு விழும்.

— இந்தா பாருங்க. கரும்பொருள்னு ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாது. பாறை, நாம, எல்லாத்துலயும் புகுந்து போயிட்டே இருக்கு. எப்பவாவது இந்தத் தொட்டியில செனான்னு ஒரு வாயுவ திரவமாக்கி வெச்சிருக்கோம், அதோட அணுக்கரு ஒண்ணுல முட்டினா சின்னதா ஒரு பொறி. பதினோரு வருஷமா அதுக்குத்தான் காத்துக் கிடக்கேன்.

— அம்மா எதுக்குப் போலி போடறாங்க?

— ஆசையில கண்டதையும் நெசம்னு சொல்லிடக் கூடாதில்ல? எது போலின்னு எனக்குத் தெரியாது. பட்டியல் உறைக்குள்ள.

— வீட்டுலகூட சொல்ல மாட்டீங்களாம்மா?

— வீட்டுல பேசறதே கம்மி. சரி, பிரிங்க.

— எனக்குக் கெடச்சது ஏழு. இதுல நாலு, அஞ்சு, ஆறு... இந்தா பாரு, ஆறுதான் இருக்கு!

— ஆமா.

— அப்ப ஏழாவது நெசம்! மேல போனதும் உலகத்துக்கே சொல்லிடலாம். ஏன் மரம் மாதிரி நிக்கிற?

— சொல்லாதீங்க. அதுவும் நான் போட்டதுதான். பட்டியல்ல எழுதல.

— விளையாடாத.

— போன வருஷம் கடைசி செவ்வாக்கெழமை, மத்தியானம் மூணேகால். ஒத்துப் பாருங்க.

— இரு, ஏழாவது எப்ப வந்துச்சுன்னு பதிவுல பாக்கறேன்.

— ஒத்துப்போகுதா?

— போகுது. பைத்தியமா உனக்கு? ஒரு வருஷமா அந்த ஒத்தப் பொறியாவது நெசமா இருக்கும்னு நம்பி, சாப்பாடு தூக்கம் இல்லாம இங்கயே கெடந்தேன். இனி உன்ன எந்த ஆய்வுக்கூடத்துலயும் சேர்க்க மாட்டாங்க.

— தெரியும். ஆய்வுக்கூடச் சாவிய மேசையில வெச்சிட்டேன்.

— ஏன் செஞ்சேன்னு சொல்லிட்டுப் போ.

— சரி விடுங்க. கூண்டுக்காரரே, கெளம்பலாம்.

— நமக்குப் பின்னால கதவு தானா பூட்டிக்கிச்சும்மா. கூப்பிட்டா சார் உள்ளேருந்து தொறப்பாரு. அந்த மனுஷன் கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வந்திருக்கலாம்.

— அவர் சட்டைப் பையில ஒரு கடிதம் இருந்துச்சு. எனக்கு எழுதினது, குடுக்கல. இந்த வேலையும் வேணாம், நீயும் வேணாம், ஊரவிட்டே போறேன்னு. அத நான் படிச்சது அந்தச் செவ்வாக்கெழமை காலையில.