வாழ்த்துமடலின் நான்காவது வரி

அந்த நாட்களில் சுவிஸில் ஒரு நல்ல பொன்னாடை எடுப்பது லேசான காரியமில்லை. லாங்கன்தாலில் இருந்த எங்களுக்குப் பாரிஸிலிருந்துதான் யாராவது கொண்டுவர வேண்டும். 1987 ஐப்பசியில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு முதியவரைக் கௌரவிக்க முடிவு செய்தபோது, செயலாளர் என்ற முறையில் அந்த வேலையையும் என் தலையில் கட்டினார்கள். நான் முறுமுறுக்கவில்லை. ரெனானில் இருந்த ஒரு நண்பர் மூலம் பாரிஸுக்குச் சொல்லிவைத்து, அகலமான சரிகைக் கரையோடு ஒன்று எடுப்பித்தேன். செய்வதைத் திருத்தமாகச் செய்வது என் பழக்கம்.

அந்த முதியவரின் பெயர் சன்னாசி. போன மாதம் இந்தியாவில், கோத்தகிரியில் இறந்துபோனார். நினைவுக் கூட்டத்துக்கு ஒரு குறிப்பு எழுதித் தரும்படி சங்கத் தலைவர் குலேந்திரன் அண்ணை கேட்டார். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னார். அதில் சேராத மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். யாருக்காக என்று கேட்டால் தெரியாது. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சன்னாசி ஐயா மலையகத்துக்காரர். பாட்டனாரைத் திருச்சிப் பக்கத்திலிருந்து கங்காணி ஒருவன் ஆள்கட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்தானாம். அதன்பிறகு மூன்று தலைமுறையும் பண்டாரவளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான். எண்பத்து மூன்று கலவரத்தில் குடியிருந்த லயம் எரிந்த பிறகு, அறுபது கடந்த வயதில், மகன் ராசாவோடு இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டார். இரண்டு வருடத்தில் ராசா ஆரே ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கிப்போனான். மகனுடைய குளிர்க்கோட்டை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தவர், அந்த மார்கழியில், ரயிலடியில் மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்ற ஒருவருக்கு அதைப் போட்டுவிட்டார். தொடக்கம் அதுதான். பிறகு தேவாலயங்களிலும் பழைய சாமான் கடைகளிலும் கோட்டுகளைக் கேட்டு வாங்கி, கிழிசலைத் தைத்து, ஜிப்பை மாற்றி, புதிதாக ஆட்கள் வரும் நாட்களில் ரயிலடியில் கொண்டுபோய் நிற்பார். லாங்கன்தாலுக்கு வந்த எங்கள் ஆட்களில் அவர் தைத்த கோட்டைப் போடாதவர்கள் குறைவு. கோட்டப்பு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பெயர் சிவநேசன். ஊர் அளவெட்டி. 82இல் வந்தேன். முதலில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். டொச், அதாவது ஜெர்மன் மொழியைக் கெதியாகப் பிடித்துக்கொண்டதால், அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் யாருடைய பிள்ளை என்பார்கள். ஐந்தாறு கேள்விக்குள் ஆளின் அடி, நுனி எல்லாம் வந்துவிடும். கெட்ட எண்ணத்தில் யாரும் கேட்பதில்லை, பழக்கம். நான் அளவெட்டியில் ஒரு வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வேன். அந்த வாத்தியாரையும் அவர் மனைவியையும் அறிந்தவர்கள் தலையாட்டுவார்கள். இருவரும் காலமாகிவிட்டதால் அதற்கு மேல் விசாரிக்க ஆளில்லை.

அந்த வீட்டில் நான் வளர்ந்தது உண்மை. பதினொரு வயதில் அங்கே கொண்டுபோய் விடப்பட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தேன், முற்றம் கூட்டினேன், குசினியின் பின்பக்கம் படுத்தேன். வாத்தியார் நல்ல மனுஷன். பிச்சைமுத்து என்ற என் பெயரைச் சிவநேசன் என்று மாற்றிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். பேச்சு தானாக மாறியது. தோட்டத்திலிருந்து வேலைக்காரப் பொடியன்களை எடுப்பித்து வைத்திருப்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்போது சாதாரணம். வீட்டுப் பிள்ளை என்று சொல்வதற்கும் வீட்டில் இருந்த பிள்ளை என்று சொல்வதற்கும் பெரிய தூரமில்லை. நானாக அந்தத் தூரத்தை நடந்து கடந்தேன். ஒருவருக்கும் அதனால் நட்டமில்லை.

87 தை மாதம். நகரசபைக்காரர் எங்களில் சிலரைச் சனிக்கிழமைகளில் பனி வழிக்கக் கூப்பிட்டார்கள். ஈரப்பனி. காற்சட்டை நனையாமலிருக்க ஒரு பிளாஸ்ரிக் விரிப்பை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். சன்னாசி ஐயா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில் கேட்டார்.

“தம்பி, எந்தத் தோட்டமுங்க?”

“நான் அளவெட்டி, ஐயா.”

“படங்கை இப்படி மடிச்சு, முடிச்சைப் பின்னால தள்ளிக் கட்டுறது நம்ம ஆளுங்கதான். பார்த்தேன், அதான் கேட்டுப்புட்டேன்.”

மலையில் வேலை செய்கிறவர்கள் மழைக்கும் செடிக்கும் காப்பாக இடுப்பில் கட்டும் சாக்குத்தான் படங்கு. என் அப்பா கட்டியதை எத்தனையோ விடியற்காலைகளில் பார்த்திருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக நாக்கைக் காவல் காத்தேன். கையைக் காவல் காக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முடிச்சை முன்னால் இழுத்துவிட்டேன். அவர் “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் பனியை வழிக்கத் தொடங்கினார்.

அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அன்றிலிருந்து என்னைத் தன் ஆள் என்று நினைத்துவிட்டார். அது வேறு வகைத் தொல்லை. பங்குனியில் ஒருநாள் என் அறைக்கு வந்து, பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து ஒரு இந்தியப் பாஸ்போட்டை எடுத்து வைத்தார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருக்கு இந்தியப் பிரஜாவுரிமை விழுந்திருந்தது. போகச் சொல்லிக் கடிதம் வந்தும் அவர் போகவில்லை. கண்ணால் காணாத நாட்டுக்குப் போய் என்ன செய்வது என்று தோட்டத்திலேயே இருந்துவிட்டார். இங்கே அகதி விண்ணப்பத்தில் இலங்கை என்று மட்டும் எழுதியிருந்தார்.

“இது இவங்களுக்குத் தெரிஞ்சா நம்மள இந்தியாவுக்கு ஏத்திருவாங்களா தம்பி?”

“ஓம் ஐயா. ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ.”

அவர் தலையாட்டினார். டின்னை மூடிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “உங்க முகத்துல உங்கம்மா சாடை அப்படியே இருக்கு. நம்ம லயத்து இருளாயி எழுபத்தாறுல கப்பலேறிப் போச்சு. கோத்தகிரில இருக்கிறதாக் கேள்வி. விலாசம் எங்கிட்ட இருக்கு. ஒரு காயிதம் போடட்டுங்களா? பிள்ளை நல்லா இருக்கான்னு தெரிஞ்சா அது மனசு ஆறும்.”

வேண்டாம் என்றேன். “சரிங்க” என்றார். அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு அந்த விலாசத்தைக் கேட்டு வாங்க வேண்டும்போல் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கடிதம் போனால் பதில் வரும். அப்போது எங்கள் எல்லோருடைய கடிதங்களும் சங்கத்தின் தபால்பெட்டிக்குத்தான் வரும். பெட்டியைத் திறக்கும் திறப்பு குலேந்திரன் அண்ணையிடம் இருந்தது.

அந்தக் கிழமைகளில்தான் குலேந்திரன் அண்ணை தன் மனைவியின் தங்கை சந்திரமதியை எனக்குப் பேசத் தொடங்கியிருந்தார். துன் நகரில் இன்னொரு தமக்கையோடு இருந்தாள். நான்கு முறை பார்த்திருப்பேன். என்னிடம் ஊரைக் கேட்காமல், சாப்பிட்டீர்களா என்று கேட்ட முதல் ஆள் அவள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. முப்பத்தாறு வயதுவரை தனியறையில் சோறு காய்ச்சிச் சாப்பிட்ட ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. தோட்டத்துப் பொடியன் என்று தெரிந்தால் அந்தப் பேச்சு அன்றே முடிந்துவிடும். குலேந்திரன் அண்ணை என்னை வெறுக்கமாட்டார். மரியாதையாகவே நிறுத்திவிடுவார்.

கோட்டப்புவைக் கௌரவிக்க வேண்டும் என்று நான்தான் கூட்டத்தில் பிரேரித்தேன். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். சன்னாசி ஐயா கூசிப்போனார். “நமக்கு எதுக்குங்க பொன்னாடை?” என்று என்னிடம்தான் வந்து கேட்டார். நான் வற்புறுத்தியதால் ஒத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒருவரைக் கௌரவிப்பதென்றால் வாழ்த்துமடல் ஒன்று எழுதி, சட்டம் போட்டு, சபையில் வாசிக்க வேண்டும். அது எப்போதும் ஊரில் தொடங்கும். இன்ன ஊரில், இன்னார் குலத்தில், இன்னாருக்குப் புதல்வராக உதித்து. அதற்குப் பிறகுதான் ஆள் செய்த நன்மைகள். மடலை எழுதும் பொறுப்பு என்னுடையது. முதல் மூன்று வரிகளில் பாட்டனார் கப்பலேறிய கதையையும் தோட்டத்தையும் எழுதினேன். நான்காவது வரி இது: “பாரதத்தின் பிரஜாவுரிமையும் கடவுச்சீட்டும் கைவசம் இருந்தும், அந்நாட்டை நாடாது எம்மவரோடு துயர் பகிர்ந்த பெருந்தகையே!” சபைக்கு நகரசபையிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் விருந்தினர் வருவதால் டொச்சிலும் மொழிபெயர்த்து அச்சடித்தேன்.

மேடையில் நான்தான் வாசித்தேன். நான்காவது வரிக்குக் கைதட்டல் எழுந்தது. பொன்னாடைக்குள் இருந்த சன்னாசி ஐயா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஏதோ கணக்கில் நான் தவறிவிட்டேன், பிறகு தனியாகச் சொல்லலாம் என்று பார்ப்பதுபோல் இருந்தது.

விழா முடிந்ததும் குலேந்திரன் அண்ணை என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். “தம்பி சிவநேசன், உந்தப் பாஸ்போட் கதையை ஏன் எழுதினீர்? அவரின்ரை கேஸ் இன்னும் முடியேல்லையெல்லோ.”

“அது பெருமைதானே அண்ணை. ஆர் உதையெல்லாம் வாசிக்கப் போகினம்?”

அது சரியாகவே இருந்தது. ஒருவரும் வாசிக்கவில்லை. விருந்தினர்கள் வடை சாப்பிட்டு, கைகுலுக்கிவிட்டு, தாளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமை காத்திருந்தேன். பிறகு ஒரு பிரதியில் நான்காவது வரிக்குக் கீழே கோடிட்டு, பாஸ்போட் இலக்கத்தை ஓரத்தில் எழுதி, அகதி விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். டின் திறந்திருந்த அன்று இலக்கம் என் மனதில் பதிந்துவிட்டது. எனக்கு இலக்கங்கள் மறப்பதில்லை. அனுப்பியவர் பெயர் எழுதவில்லை. இந்தியா ஒன்றும் சிறைச்சாலை இல்லை, தமிழ் பேசும் இடம், குளிருமில்லை, வயதான உடம்புக்கு நல்லது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் சில நாட்களில் நினைப்பதுண்டு.

மார்கழியில் விசாரணைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். உடல்நலமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் இருப்பதைக் கண்டதும் சன்னாசி ஐயாவின் முகம் தெளிந்தது. “நீங்க இருக்கிறதால பயமில்லை தம்பி” என்றார். அதை மொழிபெயர்க்க வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். தேவையில்லை என்றேன்.

அதிகாரி நிதானமானவர். பாஸ்போட் இருப்பதை ஐயா ஒத்துக்கொண்டார். இந்தியாவில் கால் வைத்ததே இல்லை, அங்கே தனக்கு ஒருவருமில்லை என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். இவர் வாழ்நாள் முழுவதும் இலங்கையிலேயே இருந்தவர் என்று, அதே தோட்டத்தில் பிறந்து இவரைச் சின்ன வயதிலிருந்து அறிந்த யாராவது இந்த நாட்டில் இருக்கிறார்களா, இருந்து கையெழுத்து வைத்தால், வயதையும் தனிமையையும் பார்த்து இங்கேயே விடும்படி தான் எழுதலாம் என்றார். நான் கேள்வியை அப்படியே தமிழில் சொன்னேன்.

சன்னாசி ஐயா என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த தாள்களைப் பார்த்தேன்.

“இல்லீங்க. நம்ம ஆளுங்க இங்க யாருமில்லை” என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

மாசியில் ஏற்றிவிட்டார்கள். விமான நிலையத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் வந்தார்கள், எல்லோரும் கோட்டு போட்டிருந்தார்கள். சித்திரையில் எனக்கும் சந்திரமதிக்கும் கலியாணம் நடந்தது. இப்போது மகளுக்கு எட்டு மாதம்.

கோத்தகிரியிலிருந்து வந்த கடிதத்தைப் போன மாதம் குலேந்திரன் அண்ணை தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்து என்னிடம் தந்தார். “ஆரோ இருளாயி எண்டு ஒரு மனுசி எழுதுவிச்சிருக்கிறா. கோட்டப்பு அங்கைதான் கடைசிவரைக்கும் இருந்தவராம். பாவம். நீர் ஒரு பதில் போட்டுவிடும்.”

இந்தியாவில் அவரிடம் இருந்த ஒரே விலாசம் அதுதான். அங்கே போயிருக்கிறார். என் அம்மா அவரை வைத்துப் பார்த்திருக்கிறாள். யாரோ எழுதிக்கொடுத்த எட்டு வரிக் கடிதம். மார்ச்சளி என்று எழுதியிருந்தது. கடைசி வரிகள் இவை: “சன்னாசி அண்ணன் சாகிறதுக்கு முன்னாடி உங்க சங்கத்துல நம்ம தோட்டத்துப் பிள்ளை ஒண்ணு ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்லிச்சு. பேரு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுடுச்சு. அந்தப் பிள்ளை யாருன்னு தெரிஞ்சா எழுதுங்க. எனக்கும் ஒரு மகன் இருந்தான்.”

சங்கத்தின் கடிதத்தாளில் பதில் எழுதினேன். அனுதாபம் தெரிவித்தேன். அன்னாரின் சேவையை இரண்டு வரி பாராட்டினேன். பிறகு, தாங்கள் குறிப்பிடும் நபர் எவரும் எமது சங்கத்தில் இல்லை என்று எழுதி, செயலாளர் சிவநேசன், அளவெட்டி என்று கையெழுத்து வைத்தேன். சந்திரமதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தாள். நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் வந்து தேடிப் பார்க்கட்டும். அப்படி ஒரு பிள்ளை இங்கே இல்லை.